வெளியே தெரிகிற கட்டிக்குப் பணம் கிடையாதா? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கோவைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். அட்மிஷனுக்கு முன்னால் ப்ரீ-ஆத், அதாவது முன் அனுமதி கேட்கும் விண்ணப்பம் அனுப்புவது, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காகக் கிளெய்மைப் பரிசீலிக்கிற டிபிஏ கேட்கிற குவெரிக்கு (கேள்விக்கு)ப் பதில் போடுவது, கடைசியில் அப்ரூவ் ஆச்சா ரிஜெக்ட் ஆச்சா என்று குடும்பத்திடம் சொல்வது எங்கள் வேலை. நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனால் நீங்கள் எழுதுகிற விதிகளை உங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் படிக்கிறவர்கள் எங்களை மாதிரி டெஸ்க் ஆட்கள்தான்.

இந்த மடல் ஒரே ஒரு விதியைப் பற்றியது. எக்ஸ்க்ளூஷன் கோடு 08. எது எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்ததை 2019 செப்டம்பரில் நீங்கள் ஒழுங்குபடுத்தியபோது வந்த பட்டியலில் இருப்பது. அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி, தோற்றத்தை மாற்றும் எந்த வைத்தியமும் பாலிசியில் வராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இந்த மூன்றுக்குப் பின் செய்கிற சீரமைப்பு மட்டும் வரும். இல்லையென்றால், நேரடியான உடனடியான ஆபத்தை நீக்குவதற்கு இது தேவை என்று சிகிச்சை தரும் டாக்டர் சான்று கொடுக்க வேண்டும். விதியின் சாரம் இவ்வளவுதான். மூக்கை எடுப்பாக்கிக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு மற்றவர்கள் கட்டிய பிரீமியத்திலிருந்து பணம் தர வேண்டியதில்லை; அதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. அந்த மூன்று பெயர்களோடு பட்டியல் நின்றுபோனதுதான் என் சண்டை.

நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்று ஒரு நோய். அதன் முதல் வகையை டாக்டர்கள் என்எஃப்-1 என்பார்கள். 1882-ல் ஜெர்மன் மருத்துவர் ரெக்ளிங்ஹவுசன் விரிவாக எழுதிவைத்தது. 17-வது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதாவதால் வருகிறது. எந்த மரபணு என்பதை 1990-ல் கண்டுபிடித்துவிட்டார்கள். செல்கள் அளவுமீறிப் பெருகாமல் தடுக்கிற ஒரு புரதத்தை அது தயாரிக்க வேண்டும். அந்தப் புரதம் குறைந்துபோனால் நரம்புகளைச் சுற்றி இருக்கும் உறையில் கட்டி வளர ஆரம்பிக்கும். ஏறக்குறைய 3,000 பிறப்புக்கு ஒன்று என்கிறார்கள். அபூர்வ நோய்களின் வரிசையில் வைத்துப் பார்த்தால் இது ஒன்றும் அவ்வளவு அபூர்வமில்லை.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. ஆனால் நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்குமே இருந்ததில்லை. அந்தக் குழந்தையிடம்தான் மாற்றம் புதிதாக நேர்ந்திருக்கும். கிரகணத்தன்று வெளியே வந்தாயா, என்ன பாவம் பண்ணினாய் என்று மாமியார் வீடு அம்மாவைக் குடைவதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. இதை எங்கள் ஜெனடிக்ஸ் டாக்டர் ஒவ்வொரு குடும்பத்திடமும் தனியாக உட்கார்ந்து சொல்வார். அந்த அரை மணி நேரத்துக்கு அவர் பில் போடுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

பெரும்பாலோருக்கு உடம்பில் பால்காபி நிறத்தில் மச்சங்கள், அக்குளில் புள்ளிகள், பருவ வயதிலிருந்து தோலில் சின்னச் சின்ன முடிச்சுகள் என்று போய்விடும். சிலருக்கு மட்டும் ஒரு நரம்பும் அதன் கிளைகளும் மொத்தமாகக் கட்டியாகிவிடும். பிளெக்ஸிஃபார்ம் நியூரோஃபைப்ரோமா என்று பெயர். தொட்டுப் பார்த்தால் புழுக்கள் நிறைந்த பை மாதிரி இருக்கும் என்று மருத்துவப் பாடநூல்களே எழுதுகின்றன. பிறக்கும்போதே உள்ளே இருக்கும், சிறுவயதில் வேகமாக வளரும். முகத்துக்கு உணர்ச்சி தருகிற ஐந்தாம் நரம்பின் கிளைகளில் வந்தால் இமை, கண்குழி, நெற்றிப்பொட்டு, கன்னம், காது எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கும். இப்படியே விட்டால் எதுவரை போகும் என்று கேட்பீர்களானால், 2007-ல் சீனாவின் குவாங்சோவில் ஒருவருக்கு முதல் அறுவையில் மட்டும் முகத்திலிருந்து 15 கிலோ கட்டியை எடுத்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் பாரிஸ் அருகே டாக்டர் லோரான் லாந்தியேரி குழு இதே நோய் உள்ள இன்னொருவருக்கு, இறந்தவரின் முகத்தில் ஒரு பகுதியையே எடுத்து மாற்றிவைத்தது. அந்த இருவரில் யாருக்காவது தேவைப்பட்டது அழகு சிகிச்சைதான் என்று உங்களில் ஒருவராவது சொல்வீர்களா?

இனி எங்கள் டெஸ்க்குக்கு வந்த ஒரு கேஸ். அப்பா பல்லடம் பக்கத்தில் சொந்தமாகத் தறி போட்டிருப்பவர். பையன் பிறப்பதற்கு முன்பிருந்தே குடும்ப பாலிசி. பையனை மூன்று மாதக் குழந்தையிலேயே சேர்த்துவிட்டார். ஒரு ரெனியூவலும் தவறவில்லை. பையன் ஒண்ணாங் கிளாஸ். இடது இமை கன்னத்தைத் தொடுமளவுக்கு இறங்கிவிட்டது. எதையாவது பார்க்க வேண்டுமென்றால் இடது கை ஆள்காட்டி விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வான். நான் ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருந்தபோது எங்கள் கவுன்ட்டர் போர்டை அப்படித்தான் எழுத்துக்கூட்டிப் படித்தான்: 'கே-ஷ்-லெ-ஸ்'. உற்றுப் பார்த்தால் அந்தக் கண் லேசாகத் துடிப்பது தெரியும். கண்குழிக்குப் பின்னால் இருக்க வேண்டிய எலும்பில் ஒரு பகுதி இல்லை. ஸ்பீனாய்டு எலும்பு என்கிறார்கள். என்எஃப்-1 உள்ள சிலருக்கு அது சரியாக உருவாவதில்லை. எலும்பு மறிக்காததால் மூளையின் துடிப்பு நேராகக் கண்ணுக்கு வந்துவிடுகிறது.

குழந்தையின் கண்ணை இமை மறைத்துக்கொண்டே இருந்தால், கண் நன்றாக இருந்தாலும் மூளை அந்தக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்ளாது. அந்தப் பாடம் பெரும்பாலும் ஏழெட்டு வயதுக்குள் முடிந்துவிடும். அதற்கப்புறம் இமையைத் தூக்கி வைத்தாலும் போன பார்வையைத் திருப்புவது மிகவும் கஷ்டம். ஆகவே இது நேரம் பார்த்துச் செய்ய வேண்டிய அறுவை, பெரியவனான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடியது அல்ல.

சுலபமான அறுவையும் அல்ல. இந்தக் கட்டிக்கு எல்லை கிடையாது. நல்ல சதைக்குள்ளும் நரம்புக்குள்ளும் புகுந்து பரவியிருக்கும். முழுதாக எடுக்கப் போனால் முகத்தை அசைக்கிற ஏழாம் நரம்பு அறுந்துபோகலாம். பிறகு கண் மூடாது, வாய் கோணும். அதனால் எடுக்க முடிந்ததை எடுத்து, மிச்சத்தை விட்டுவைத்து, தொங்குகிற சதையைத் தூக்கிக் கட்டுவார்கள். தொடையிலிருந்து நார்த்திசுவை எடுத்து இமையை நெற்றித் தசையோடு இணைப்பதும் உண்டு. கட்டிக்குள் ஓடுகிற இரத்தக் குழாய்கள் தொட்டாலே கிழிகிற ரகம், தையல் பிடிக்காது. முந்தின நாள் கேத் லேபில், அதாவது இரத்தக் குழாய் வழியாகச் சிகிச்சை செய்கிற அறையில், அந்தக் குழாய்களை அடைத்துவிட்டுத்தான் பல இடங்களில் கத்தி வைக்கிறார்கள். அந்தப் பையனின் எடை 18 கிலோ. 18 கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கிற மொத்த இரத்தமே ஒன்றரை லிட்டருக்குக் குறைவு. அரை லிட்டர் போனால் என்ன ஆகும் என்பதை மயக்க டாக்டர் அந்த அப்பாவிடம் மறைக்காமல் சொன்னார், கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை, இரத்த வங்கியில் முன்கூட்டி ரிசர்வேஷன், பிளாஸ்டிக் சர்ஜன், கண் டாக்டர், நியூரோ சர்ஜன் மூன்று பேரும் ஒரே தியேட்டரில்.

எஸ்டிமேட் போட்டு அனுப்பினோம். முதல் குவெரி: முகத்தின் போட்டோ அனுப்பவும். அனுப்பினோம். இரண்டாவது குவெரி: எத்தனை நாளாக இருக்கிறது? பிறந்ததிலிருந்து. மூன்றாவதாக வந்தது நிராகரிப்பு. வெளிப்புறப் பிறவிக் குறைபாடு, பாலிசியில் இல்லை. மேலும் எக்ஸ்க்ளூஷன் 08.

அப்பாவிடம் நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏனுங்க சார், கண்ணு மூஞ்சில வெளிய இருக்கறது எங்க தப்புங்களா? உள்ள இருந்திருந்தா குடுத்திருப்பாங்களா?" என்றார்.

குடுத்திருப்பார்கள். அதுதான் விஷயம். பிறவிக் குறைபாட்டை உங்கள் வரையறைகள் இரண்டாகப் பிரிக்கின்றன. உடம்பின் கண்ணுக்குத் தெரியாத, எட்டாத பகுதியில் இருந்தால் உட்புறம். கண்ணுக்குத் தெரிகிற, எட்டக்கூடிய பகுதியில் இருந்தால் வெளிப்புறம். உட்புறப் பிறவி நோயையும் மரபணு நோயையும் விலக்கக் கூடாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மரபணு நோய் என்ற காரணம் காட்டி கிளெய்மை மறுப்பதை 2018 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் கடுமையாகச் சாடிய அடுத்த மாதமே சுற்றறிக்கை விட்டீர்கள். வழக்கு அதற்கப்புறம் உச்ச நீதிமன்றம் போனாலும் உங்கள் நிலைப்பாடு 2019 வழிகாட்டுதலிலும் தொடர்ந்தது. அதனால் ஹார்ட்டில் ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கு இன்று எங்கள் டெஸ்க்கில் அப்ரூவல் வாங்க முடிகிறது. இதே என்எஃப்-1 கட்டி முதுகுத்தண்டு பக்கத்திலோ வயிற்றுக்குள்ளோ வந்தாலும் பெரும்பாலும் சிக்கல் இல்லை.

அப்படியானால் எங்கள் பையனுக்கு எங்கே கோடு போடுவது? இல்லாத எலும்பு உள்ளே. இமையில் தொங்குவது வெளியே. கண்குழிக்குள் இருப்பது உள்ளேயா வெளியேயா? எல்லாம் ஒரே நரம்பு, ஒரே மரபணு, ஒரே அறுவை. இமையின் தோலை வெட்டினால்தான் உள்ளே போக முடியும். தோல்வரைக்கும் காஸ்மெடிக், அதற்கு ஒரு அங்குலம் பின்னால் மருத்துவம் என்று பில்லைப் பிரித்துப் போட எங்களுக்கும் தெரியவில்லை, உங்கள் விதியிலும் வழி இல்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு நன்றியும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் இந்த மாதிரி கேஸில் முதலில் தூக்கிக் காட்டுவது, 'பிறந்ததிலிருந்தே மச்சம் இருந்திருக்கிறது, பாலிசி எடுக்கும்போது ஏன் சொல்லவில்லை' என்பது. கைக்குழந்தையின் காபி நிற மச்சத்தை எந்தக் குடும்பம் நோய் என்று எழுதிக்கொடுக்கும்? 2024-ல் நீங்கள் முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பை அதிகபட்சம் 36 மாதமாகவும், தொடர்ந்து இத்தனை மாதம் பிரீமியம் கட்டியவரிடம் பழசைக் கிளறக் கூடாது என்கிற கெடுவை 60 மாதமாகவும் குறைத்த பிறகு அந்தப் பேச்சு அடங்கியிருக்கிறது. நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் கிளெய்மை மறுக்கக் கூடாது என்றதும் நல்லதே. ஆக, மனம் வைத்தால் உங்களால் முடிகிறது.

எக்ஸ்க்ளூஷன் 08-க்கு வருகிறேன். 'நேரடியான உடனடியான ஆபத்து' என்ற வாசகத்தை வைத்துத்தான் நாங்கள் மறுபடி எழுதினோம். டாக்டர் சான்றும் இருந்தது, பார்வை போகும் என்று. பதில்: நாளடைவில் ஏற்படக்கூடியது உடனடி ஆகாது. மெதுவாக வளர்கிற கட்டி எந்த நாளில் உடனடி ஆகும்? கண் போன பிறகு ஆபத்தே முடிந்துவிடுகிறது. அப்போது அறுவை செய்தால் அதை முழுக்கவே தோற்றத்துக்கானது என்று சொல்லிவிடலாம். சொல்வார்கள், எனக்குச் சந்தேகமில்லை.

இன்னொன்று இருக்கிறது, எழுதவே கை கூசுகிறது. என்எஃப்-1 உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நரம்பு உறைக் கட்டி புற்றுநோயாக மாறுகிற அபாயம் உண்டு. திடீரென்று வலிக்கும், கெட்டியாகும், வேகமாகப் பெருகும். அப்படி மாறிவிட்டால் அந்தப் பையனுக்கு உங்கள் விதிப்படி எல்லாம் கிடைக்கும். கட்டியை எடுக்கவும் பணம், முகத்தைச் சீரமைக்கவும் பணம், ஏனென்றால் பட்டியலில் புற்றுநோய் இருக்கிறது. புற்றாகாதவரைக்கும் ஒன்றும் இல்லை. இதை எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. எழுதின அறையில் என்எஃப்-1 பற்றித் தெரிந்தவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

இந்த ஓட்டை ஏன் இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படவில்லை என்று யோசித்திருக்கிறேன். வெளியே தெரிகிற பிறவிக் குறைபாடு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது உதட்டுப் பிளவு. அதற்கு ஸ்மைல் டிரெய்ன் போன்ற தொண்டு அமைப்புகளின் உதவியோடு இலவசமாகவே அறுவை நடக்கிறது. பல குடும்பங்களுக்குக் கிளெய்ம் போடத் தேவையே வருவதில்லை. முகக் கட்டிக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. ஒரு தடவையோடு முடிகிற அறுவையும் இல்லை. மிச்சம் விட்டது வளரும், சில வருஷம் கழித்து மறுபடி தியேட்டர். அரசு மருத்துவமனைக்குப் போகலாமே என்பீர்கள். போகலாம், சென்னை ஸ்டான்லி மாதிரி இடங்களின் பிளாஸ்டிக் சர்ஜரி துறைகளின் திறமையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் வருஷா வருஷம் பிரீமியம் கட்டியவரிடம், கட்டியதை மறந்துவிட்டு இலவச வரிசைக்குப் போ என்று சொல்வதற்கு ஒரு பாலிசி எதற்கு?

மாத்திரை வந்திருக்கிறது என்றும் சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். செலுமெட்டினிப் என்ற மருந்துக்கு 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு. பலருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்குகிறது. ஆனால் அந்த அனுமதி அறுவை செய்ய முடியாத, தொந்தரவு தருகிற கட்டிகளுக்கு. விலையோ தறிக்காரர் வீடு தொடக்கூடியது அல்ல. சரிந்து தொங்கிவிட்ட இமையை மாத்திரை மேலே தூக்கிவிடவும் செய்யாது.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சர்ஜன்கள் பலர் அவசரத்தில் கேஸ் ஷீட்டில் 'முகச் சமச்சீரின்மை சரிசெய்தல்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். கிளெய்ம் டாக்டருக்கு அந்த ஒரு வரி போதும். பார்வை அளவு என்ன, இமை எவ்வளவு மூடுகிறது, சாப்பாட்டை மென்று சாப்பிட முடிகிறதா, மூச்சுப் பாதை எப்படி, எம்ஆர்ஐயில் போன வருஷத்தைவிட எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் ஷீட்டில் ஏற வேண்டும். காஸ்மெடிக் அறுவையை மருத்துவக் காரணம் காட்டி நுழைக்கிற மருத்துவமனைகளும் இருக்கின்றன. உங்கள் நிறுவனங்கள் எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுவதற்கு அவர்களும் பொறுப்பு. ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வழி இருக்கிறது. என்எஃப்-1 யாரும் நடித்துக் காட்டக்கூடிய நோயல்ல. பருவமடைவதற்கு முன் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆறு மச்சங்கள், கண்ணின் கருவிழித் திரையில் சின்ன முடிச்சுகள், ஸ்பீனாய்டு எலும்புக் குறை, பிளெக்ஸிஃபார்ம் கட்டி என்று உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட அடையாளங்கள் 1987 முதல் இருக்கின்றன. 2021-ல் புதுப்பித்தும் இருக்கிறார்கள். மரபணுப் பரிசோதனையும் உண்டு. மூக்கு நீட்டிக்கொள்ள வருகிறவர் இந்த வழியில் உள்ளே வர முடியாது.

நான் கேட்பது பெரிய திருத்தம் இல்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் என்று இருக்கிற இடத்தில், 'மரபணு நோயாலோ பிறவியிலோ வந்த கட்டி அல்லது குறைபாடு' என்று நான்காவதாகச் சேருங்கள். உட்புறம் வெளிப்புறம் என்கிற பிரிவினையைக் குறைந்தபட்சம் 18 வயது வரை எடுத்துவிடுங்கள். சிகிச்சை தருகிற சர்ஜன் அவசியம் என்று சான்று கொடுத்தால், அதை மறுக்கிறவர் அதே துறை டாக்டராக, பெயரும் பதிவு எண்ணும் போட்டுக் கையெழுத்திடுபவராக இருக்கட்டும். எங்களுக்கு வருகிற ரிஜெக்ஷன் மெயில்களின் அடியில் 'கிளெய்ம்ஸ் டீம்' என்றுதான் இருக்கும். ஒரு குழந்தையின் கண்ணைப் பற்றி முடிவெடுத்தவர் யார் என்று அப்பனுக்குத் தெரிய வேண்டாமா? பார்வையோ சாப்பாடோ மூச்சோ பாதிக்கப்படுகிற முகக் கட்டியில், நாளடைவில் வரும் ஆபத்தும் ஆபத்தே என்று ஒரு விளக்கக் குறிப்பு போட்டால் இன்னும் நல்லது. அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது.

அந்தத் தறிக்காரரை, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஓம்பட்ஸ்மேனுக்கு எழுதச் சொன்னேன். எழுத்து வேலை நாங்களே செய்து தருகிறோம் என்றும் சொன்னேன். பையன் வயதையும் டாக்டர் சொன்ன கெடுவையும் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார், காத்திருக்கவில்லை. நான்கு தறியில் இரண்டை விற்றுப் பணம் கட்டினார். முதல் அறுவை முடிந்துவிட்டது. இமை இப்போது கண்பாப்பாவுக்கு மேலே நிற்கிறது, வலது கண்ணை மூடி இடது கண்ணுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். கன்னத்துப் பக்கக் கட்டிக்கு அடுத்த அறுவை வேண்டியிருக்கும் என்று டாக்டர் இப்போதே சொல்லிவிட்டார். பாலிசியை அவர் இந்த வருஷமும் ரெனியூவல் செய்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

புதிய விதி கொண்டுவரும்போது வரைவை வெளியிட்டு எல்லோரிடமும் கருத்துக் கேட்பது உங்கள் வழக்கம். அடுத்த வரைவில் எக்ஸ்க்ளூஷன் 08-ஐத் திறந்து வையுங்கள். நிராகரிப்புக் கடிதங்களின் நகல்களை, குடும்பங்களின் சம்மதத்தோடு பெயரை மறைத்து, அனுப்பிவைக்க எங்களை மாதிரி டெஸ்க் ஆட்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம்.

இப்படிக்கு,
கோவை மாவட்டத் தனியார் மருத்துவமனை ஒன்றின் இன்சூரன்ஸ் டெஸ்க் ஊழியர்